காட்மாண்டுவில் ஆனி மூன்று

வெளிநாடு போவது என்று முடிவானது 1972-ஆம் ஆண்டு, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடத்தூரில் ரபீக்கின் தகரப்பெட்டிக் கடையில். எந்த ஞாயிறு என்று எழுதி வைக்கவில்லை. குறிப்பேடு வாங்கியது அடுத்த வாரம்தான். அந்தக் குறை இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நாங்கள் நான்கு பேர். ஒரே பள்ளியில் படித்தவர்கள். ரபீக் அப்பாவோடு சேர்ந்து பெட்டி செய்து விற்கிறவன். கோவிந்து ரேடியோ ரிப்பேர் பார்ப்பவன், வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். மாதேஷுக்கு விவசாயம். நான் யூனியன் ஆபீசில் எழுத்தர். மாலை நேரத்தில் கிளை நூலகத்தில் இருப்பேன். தேதி, கிழமை, நட்சத்திரம் எது கேட்டாலும் பார்க்காமல் சொல்வேன் என்பதால் மூவரும் எனக்கு வைத்த பெயர் காலண்டர்.

ரபீக்கிற்கு சிங்கப்பூர் போக ஆசை. கோவிந்துவுக்கு பனி பார்க்க ஆசை. மாதேஷ் எப்போதும் கடைசியில்தான் சொல்வான்.

"பாஸ்போர்ட் எடுக்க எத்தன நாளாகும்?" என்றான் ரபீக்.

"விண்ணப்பம் போட்டு, போலீஸ் வந்து விசாரிச்சு, வர்றதுக்குள்ள நமக்கு வயசாயிரும்" என்றேன். பிறகு நூலகத்தில் படித்ததைச் சொன்னேன். நேபாளம் போக இந்தியர்களுக்கு பாஸ்போர்ட் தேவையில்லை.



"பாஸ்போர்ட் கேக்கலைன்னா அது என்னடா பாரினு?" என்றான் கோவிந்து.

"தனி ராஜா, தனிக் கொடி, தனி ரூபா. போதாதா?"

"பனி?"

"இமயமலையே அங்கதான் இருக்குது."

"அப்ப சரி."

மாதேஷ் அப்போதுதான் வாயைத் திறந்தான். "ஆனி பொறந்து ஒரு வாரத்துக்குள்ள திரும்பிறணும்."

காரணம் எங்களுக்குத் தெரியும். அதியமான்கோட்டையில் ஒரு பெண். பெயர் சரோஜா. தருமபுரியில் அவள் மாமா வீட்டில் வைத்து மாதேஷ் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறான். காப்பி கொடுக்கும்போது அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க கெணத்துல கோடையிலயும் தண்ணி நிக்குமா?" அதை எங்களிடம் அவன் குறைந்தது முப்பது முறை சொல்லியிருப்பான். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுப் பெரியவர்கள் ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, வீடு, கிணறு, மாடு, பையன் என்று எல்லாவற்றையும் பார்த்துப் போவார்கள். அதன் பிறகுதான் சரி என்ற வார்த்தை வரும்.

பங்குனியில் மாதேஷின் அப்பா என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தும் உட்காரவில்லை.

"தம்பி, ஆனி எட்டு, வியாழக்கெழம. அதியமான்கோட்டக்காரங்க வூடு பாக்க வராங்க. ரெண்டு தடவ தள்ளிப் போயிருச்சு. மொதல்ல அவங்க பக்கம் ஒரு சாவு, அப்புறம் எங்க பக்கம். இதுவும் தவறுச்சுன்னா அரூர்ல ஒரு மாப்ள ரெடியா நிக்கறானாம். ஆடி பொறந்துட்டா பேச்சே எடுக்க மாட்டாங்க. பையன் வூட்ல இல்லீன்னா என்ன நெனைப்பாங்க, சொல்லு."

"ஏழாந்தேதி பொழுது எறங்கறதுக்குள்ள வந்துருவோங்க."

"நீ எழுதி வெச்சா சரியா இருக்கும்னு ஊரே சொல்லுது. உன்ன நம்பித்தான் அனுப்பறேன்."

அவர் போனதும் நான் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: ஆனி 7, புதன், கடத்தூர்.

திட்டம் தீட்ட மூன்று மாதம் ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் தகரப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பேசினோம். ஐந்து பத்திகள் போட்டு, ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, புறப்படும் நேரம், சேரும் நேரம் எல்லாம் எழுதினேன். ரபீக் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்குப் போற நேரத்த மட்டும் காணோமேடா" என்றான். பத்து நிமிட இடைவேளைகள் நான்காம் பத்தியில் இருந்தன. அதை அவனிடம் காட்டவில்லை.

மாதேஷ் மூன்று படி ராகி மாவு எடுத்து வருவேன் என்றான்.

"ஏன்டா, பாரின் போய் களி கிண்டப் போறியா?"

"நாலு நாள் களி இல்லைன்னா எனக்கு வயிறு என்னமோ பண்ணும். நீங்க அந்த ஊர் சாப்பாடே சாப்புடுங்க."

ஜூன் 4, ஞாயிறு, வைகாசி 22 அன்று கிளம்பினோம். ரயில்களைப் பற்றி எழுதப் போனால் அதற்கே ஒரு நோட்டு வேண்டும். நான்கு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்ததில் உள்ளங்கை கருத்துப்போனது. வடக்கே போகப் போக டீ இனித்துக்கொண்டே போனது, டம்ளர் சின்னதாகிக்கொண்டே வந்தது. பீகாரில் ஒரு ஸ்டேஷனில் கோவிந்து நெஞ்சை நிமிர்த்திக் கன்னடத்தில் தண்ணீர் கேட்டான். அவனுக்குத் தமிழ்நாட்டுக்கு வடக்கே எல்லாமே கன்னடம் என்று ஒரு நம்பிக்கை. குடம் வைத்திருந்தவர் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விட்டார்.

எல்லையில் குதிரை வண்டி. அது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற மறுத்ததால் கடைசிக் கால் மைலை நடந்தே கடந்தோம். ஒரு நுழைவாயில் வளைவு, இரண்டு காவலர்கள், நடுவில் படுத்திருந்த ஒரு மாடு. காவலர் ரபீக்கின் தகரப்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

"அவ்ளோதானா?" என்றான் கோவிந்து. "பாரின் வந்துருச்சா?"

"இப்ப உன் வலது கால் பாரின்ல இருக்குது. இடது கால் இன்னும் வரலை" என்றான் ரபீக்.

மலைப்பாதை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு ஆடு உட்கார்ந்து வந்தது. தொப்பூர்க் கணவாயில் பஸ் திரும்பும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவன் நான். இங்கே திருப்பத்துக்கு மேல் திருப்பம், கீழே பார்த்தால் மேகம். கோவிந்து ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே எடுக்கவேயில்லை. முன்சீட்டுக் கிழவி ஒருத்தி அவன் கையில் நாரத்தைபோல ஏதோ ஒரு பழத்தைத் திணித்து, மோந்துகொண்டே வா என்று சைகை காட்டினாள்.

ஜூன் 9, வெள்ளி மாலை காட்மாண்டு. சிவப்புச் செங்கல் வீடுகள், செதுக்கிய மர ஜன்னல்கள், சந்துக்குச் சந்து ஒரு கோயில், கோயில் படியில் காய்கறிக் கடை. நீளமுடி வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெறுங்காலோடு நடந்தார்கள். "நாம ஷூ வாங்கிப் போட்டுட்டு வந்தோம், இவங்க கழட்டிட்டு வந்திருக்காங்க" என்றான் ரபீக்.

நாங்கள் தங்கிய லாட்ஜ்காரர் இந்தியப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயரெழுதும் புத்தகத்தில் ஊரைப் பார்த்து, "பெங்களூரு ஹத்திரனா?" என்றார், பெங்களூர் பக்கமா என்று கன்னடத்தில். பெங்களூரில் ஆறு வருடம் இருந்தவராம். கோவிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் சொன்னேனா இல்லையா?" என்று எங்கள் பக்கம் திரும்பினான். அன்று முதல் எங்கள் பேச்செல்லாம் கோவிந்து வழியாகக் கன்னடத்தில் போய் வந்தது.

லாட்ஜ் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தேவநாகரி எண்கள் எனக்குப் படிக்கத் தெரியும். நூலகத்தில் ஒரு புத்தகத்தின் பின்பக்கத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது. "அறுபத்தஞ்சுல ஸ்டேஷன் போர்டுல தார் பூசினவன்தான நீ?" என்று ரபீக் சிரித்தான். நான் காலண்டரை உற்றுப் பார்த்தேன். ஜேட் மாதம், 27-ஆம் தேதி. என் பாக்கெட் டைரியில் வைகாசி 27.

இரண்டாயிரம் மைல் தள்ளி, வேறு ராஜா, வேறு பாஷை. மாதம் மட்டும் நம்முடையது, தேதியும் நம்முடையது. அவர்களுக்கும் சூரியன்தான் கணக்கு. சித்திரை ஒன்றுதான் அவர்களுக்கும் வருடப் பிறப்பு. இதை அரை மணி நேரம் மூவருக்கும் விளக்கினேன். மாதேஷ் தூங்கிவிட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. கடைகள் பாதி மூடியிருந்தன. இந்த ஊரில் வார விடுமுறை சனிக்கிழமையாம்.

"சனிக்கெழம லீவு விடற ஊருடா இது" என்றான் ரபீக். "நம்ம கணக்கெல்லாம் இங்க செல்லுமா, பாத்துக்க."

28-உம் சரியாக இருந்தது. 29, 30 அதேபோல. செவ்வாயன்று திரும்புவதற்கு பஸ் டிக்கெட் எடுக்கப் போனோம். அங்கே சுவரில் ஜேட் 31. டைரியில் வைகாசி 31. ஜன்னலுக்குள் இருந்தவர், "எப்போது?" என்பதுபோலக் கையை விரித்தார். நான் மூன்று விரலைக் காட்டி, "அசார் மூணு" என்றேன். அசார் அவர்களுடைய ஆனி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளியூர்க்காரன் வாயில் அவர்கள் மாதப் பெயர். நான்கு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"என்ன கெழமைன்னு கேளுடா" என்றான் ரபீக்.

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? ஆனி மூணு சனிக்கெழம. இது உலகத்துக்கே தெரியும்."

அதற்குப் பிறகு நான் அவர்கள் காலண்டரைப் பார்க்கவில்லை. பொருந்திவிட்டது என்று தெரிந்த பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

மாதேஷின் ராகி மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதன்கிழமை அவனுக்குப் பொறுக்க முடியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு லாட்ஜ்காரரின் மனைவியிடம் போய் நின்றான். அந்த அம்மா மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "கோதோ!" என்று ராகிக்கு அவர்கள் பெயரைக் கத்தி, வீட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார். அடுப்பில் இரும்புச் சட்டி ஏறியது. தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொட்டி, ஒரு மரக்கட்டையால் கிண்டினார். மாதேஷ் பக்கத்தில் குந்தியபடி, "கட்டி தட்டாம, கட்டி தட்டாம" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மா நேபாளியில் ஏதோ பதில் சொன்னார். கன்னடத்தில் சுற்றி வந்து அது எங்களுக்குக் கிடைத்தபோது, "நான் முப்பது வருஷமாகக் கிண்டுகிறேன், இந்தப் பையன் சும்மா இருக்க மாட்டானா?" என்று இருந்தது.

அவர்கள் பக்கத்து மலைக் கிராமங்களிலும் இதே களிதானாம். உருண்டை பிடிக்காமல் தட்டில் அப்படியே வைத்து, புளித்த காய்ந்த கீரைச் சாறு ஊற்றினார்கள். விரலால் கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். அதை அவர்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மாதேஷ் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தேன்" என்றான். ரபீக் கீரைச் சாறு மட்டும் நான்கு கிண்ணம் குடித்தான்.

வியாழனன்று அதிகாலை பக்கத்து மலை ஒன்றில் ஏறிப் பனிமலை பார்க்கப் போனோம். மழைக்காலம் தொடங்கிவிட்டது. மேகம் விலகவில்லை. கோவிந்து இரண்டு மணி நேரம் வெள்ளையாக இருந்த திசையைப் பார்த்தபடி நின்றான். "அதுக்குப் பின்னால இருக்குதில்ல? போதும்" என்று இறங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமையை ஓய்வுக்கு ஒதுக்கியிருந்தேன். குரங்குகள் நிறைந்த ஒரு குன்றுக் கோயிலின் படிகளில் உட்கார்ந்து பொரி தின்றோம். குறிப்பேட்டில், "நிதானமான நாள். அவசரம் எதுவும் இல்லை" என்று எழுதினேன். அந்த வரியை இப்போது படித்தாலும் எனக்குக் காது சுடுகிறது.

ஜூன் 17, சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம், தூறல். பெட்டிகளோடு பஸ் அருகே போய் நின்றோம். கண்டக்டர் எங்கள் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சிரித்தார். கை விரல்களை விரித்து, பின்பக்கமாக ஒரு வீசு வீசினார்.

துணைக்கு வந்திருந்த லாட்ஜ்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கோவிந்துவிடம் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். கோவிந்து என் பக்கம் திரும்பினான்.

"இது நேத்து வண்டியாம்டா."

"எப்படி? இன்னிக்குத்தான் ஆனி மூணு." டைரியை விரித்துக் காட்டினேன்.

கண்டக்டர் என் கையைப் பிடித்து டிக்கெட் ஜன்னலுக்கு இழுத்துப் போனார். சுவரில் காலண்டர். அசார் 4.

அப்போதுதான் புரிந்தது. அந்த வருடம் நமக்கு வைகாசி முப்பத்திரண்டு நாள். அவர்களுக்கு ஜேட் முப்பத்தொன்றோடு முடிந்துவிட்டது. புதன்கிழமை, நாங்கள் களி தின்றுகொண்டிருந்த அன்று, நமக்கு வைகாசி 32, அவர்களுக்கு அசார் 1. ஒரே ஒரு நாள். நான் ஐந்து நாள் சரிபார்த்து, ஆறாவது நாள் பார்க்காமல் விட்டேன்.

மாதேஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். கத்தியிருந்தால் தேவலை.

"உன்ன நம்பித்தானடா எங்கப்பா அனுப்புனாரு" என்றான்.



இனி மூன்று நான்கு இடங்கள் சேர்ந்து கிடைப்பது திங்கட்கிழமை வண்டியில்தான். அதில் போனால் ஊர் சேர ஆனி 9 ஆகிவிடும். எட்டாம் தேதி அதியமான்கோட்டைக்காரர்கள் வீட்டையும் கிணற்றையும் பார்த்துவிட்டு, பையனைக் காணாமல் திரும்பிப் போவார்கள். லாட்ஜ்காரர் கண்டக்டரிடம் நெடுநேரம் பேசினார். பெங்களூர்ப் பட்டாளக்காரர் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. கடைசியில் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில், டிரைவரின் இடதுபுறம், ஒருவர் மட்டும் உட்கார ஒரு பலகை கிடைத்தது.

ரபீக் ஏற்கெனவே மாதேஷின் பெட்டியைத் தூக்கி மேலே போட்டுவிட்டான்.

"நான் தனியாவா?" என்றான் மாதேஷ். "எனக்கு இந்தியில பானி மட்டுந்தான்டா தெரியும்."

"அது போதும். கோவிந்துக்கு அதுகூடத் தெரியாது" என்றான் ரபீக்.

நான் குறிப்பேட்டை எடுத்தேன். மூன்று மாதம் எழுதியது அது. எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எந்த வண்டி எத்தனை மணிக்கு, எல்லாம் அதில்தான் இருந்தது. வாங்கியதிலிருந்து அது இல்லாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அவன் மடியில் வைத்தேன்.

"பக்கம் நாப்பத்திரண்டுலருந்து பாரு. அதுல எழுதுனபடியே போ. ரயிலுக்கெல்லாம் இங்கிலீஷ் தேதிதான். அது தப்பாது."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பியபோது ஜன்னல் வழியாக ஒரு கை மட்டும் வெளியே வந்தது. ரபீக்கைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாட்களைப் பற்றி என்னிடம் குறிப்பு இல்லை. மழை பெய்தது. ஏதோ ஒரு பழைய ஊருக்குப் போனோம், மண்சட்டியில் தயிர் வாங்கித் தின்றோம். கோவிந்துவுக்கு ஒரு மொட்டைமாடியிலிருந்து கால் மணி நேரம் பனிமலை தெரிந்தது. எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ரபீக் கடைத்தெருவில் ஒரு நேபாளக் காலண்டர் வாங்கி, நூல் கட்டி என் கழுத்தில் மாட்டினான். லாட்ஜ் வாசல் வரை அதோடுதான் நடந்தேன். கழற்றும் தைரியம் எனக்கு இல்லை.

சிரித்துக்கொண்டே இருந்தாலும் மூவருக்கும் நினைப்பெல்லாம் ஒன்றுதான். "இப்ப எங்க இருப்பான்?" என்று கோவிந்து கேட்பான். நான் மனப்பாடமாகச் சொல்வேன். "அங்க ஏறியிருந்தா" என்று ரபீக் முடிப்பான்.

தருமபுரியில் கடைசி பஸ்ஸை விட்டு, ராத்தங்கி, ஆனி 10, சனிக்கிழமை காலை கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். வீட்டுக்குப் போகாமல், பெட்டிகளோடு நேராக மாதேஷின் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா கிணற்றடியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். அது எந்த ஆட்டல் என்று பிடிபடவில்லை.

மாதேஷ் உள்ளேயிருந்து வந்து குறிப்பேட்டை நீட்டினான். திட்டுத் திட்டாக எண்ணெய்க் கறை. என் கையெழுத்து முடிந்த இடத்தில் அவனுடைய கோணல் எழுத்து தொடங்கியிருந்தது.

"ஆனி 3. பஸ். இன்னிக்கும் ஒரு ஆடு.

ஆனி 4. கப்பல் மாதிரி ஒன்னுல கங்கைய தாண்டினேன். ஒருத்தர் ரொட்டி குடுத்தாரு.

ஆனி 5. ரயில்ல எடம் இல்ல. நின்னேன். காலண்டர் எழுதின நேரத்துக்கே வண்டி வந்துச்சு.

ஆனி 6. மெட்ராஸ். தமிழ் கேட்டதும் அழுதுட்டேன். யார்கிட்டயும் சொல்லாத.

ஆனி 7. தருமபுரி. கடைசி பஸ் போயிருச்சு. புளி லாரி மேல ஏறி வந்தேன்.

ஆனி 8. வந்தாங்க. வூடு பாத்தாங்க. கெணத்த ரெண்டு தடவ பாத்தாங்க. அவங்க சித்தப்பா, நேபாளத்துல என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டாரு. களின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பாரின் போயும் களி திங்கற பையன் வூட்ட விட்டு ஓட மாட்டான்னாரு. சரின்னுட்டாங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ரயில் நேரமெல்லாம் கரெக்டா இருந்துச்சுடா" என்றான் மாதேஷ். அதைச் சொல்வதற்குள் ரபீக் அவனைத் தூக்கிச் சுற்றத் தொடங்கிவிட்டான்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அச்சடித்து முதலில் எனக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தான். மேலே ஆங்கிலத் தேதி. அதன் கீழே, பரிதாபி வருடம் ஆவணி மாதம் 5-ஆம் தேதி திங்கட்கிழமை. அதற்கும் கீழே, அச்சகத்தில் சண்டை போட்டுச் சேர்த்த மூன்றாவது வரி: நேபாளத்தில் பதௌ 6.

ரபீக் வாங்கிய காலண்டர் இன்னும் என் மேசையில்தான் இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு நாளாக எண்ணிப் பார்த்தேன். பதௌ அவர்களுடைய ஆவணி; நம்மைவிட ஒரு நாள் கூடுதல். மாதேஷ் சரியாகத்தான் போட்டிருந்தான்.